ஆபத்துக்குப் பாவமில்லையாம்

1

பரிசலில் ஆள் ஏற்றும்போது பரிசல்காரர் யார் என்ன சாதி என்று கேட்பதில்லை. எடையைத்தான் பார்க்கிறார். “அண்ணே, நீங்க கொஞ்சம் பெருத்த ஆளு, இந்தப் பக்கம் வாங்க. ஆயா, நீங்க அவங்களுக்கு எதிர்ல குந்துங்க.” வட்டமான மூங்கில் கூடை அது. தலைமாடு, கால்மாடு கிடையாது. மேலிடம், கீழிடம் கிடையாது. ஒரு பக்கம் கனம் கூடிப்போனால் எல்லாரும் சேர்ந்து காவிரியில் விழ வேண்டியதுதான்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் துணைவியாரும் ஒகேனக்கல் போயிருந்தோம். எனக்கு ஊர் அதியமான்கோட்டை. தர்மபுரி போய், பென்னாகரம் வழியாக இறங்கினால் ஒகேனக்கல். பக்கம்தான். ஆனாலும் அறுபதை நெருங்குகிற இந்த வயதுவரை நாங்கள் பரிசலில் ஏறியதில்லை. முன்பு போனதெல்லாம் காரியத்துக்குப் போனது. சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குக் காரியம் செய்ய ஒரு தடவை, பேரப்பிள்ளை மொட்டைக்கு ஒரு தடவை. சும்மா போய்ச் சும்மா பார்த்துவிட்டு வருவது என்பது எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் முறை.

ஆற்றின் நடுவே மணல்திட்டு என்று ஓரிடம் இருக்கிறது. தண்ணீர் மட்டாக வரும் காலத்தில் பரிசலில் அங்கே கூட்டிப்போவார்கள். பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்து கூடிவிட்டால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள். அப்போது திட்டும் முழுகிப்போகும். அக்கரை கர்நாடகம், இக்கரை தமிழ்நாடு. நடுவில் யாருக்கும் பட்டா இல்லாத ஒரு கை மணல்.

நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் பரிசல்காரர் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒரு வயதான அம்மா, அவருடைய மகன். மகனுக்கு நாற்பது வயது இருக்கும். எல்லாருக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். முந்தின நடையில் யாரோ போட்டுக் கழற்றியது, வேர்வை ஈரம்கூடக் காயவில்லை. யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் எல்லாரும் வாங்கி மாட்டிக்கொண்டோம்.

நடு ஆற்றில் பரிசல்காரர் வேடிக்கைக்காகப் பரிசலை இரண்டு சுற்றுச் சுற்றினார். அந்த அம்மா பயந்துபோய் என் துணைவியாரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “கண்ணு, வுட்றாத, நல்லாப் புடிச்சுக்க.” முட்டியோடு முட்டி இடித்தது. பரிசல்காரர் சிரித்துக்கொண்டே, “பரிசல்ல ஏறிட்டா சாதி கெடையாதுங்க, எல்லாம் ஒரே கனம்தான்” என்றார். மகனும் சிரித்தார். “ஆமாங்க. ஆபத்துக்குப் பாவமில்லைன்னு சும்மாவா சொன்னாங்க.”

மணல்திட்டில் இறங்கி உட்கார்ந்தோம். கரையில் வாங்கின நெல்லிக்காய் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஒரு பொட்டலம் எங்களிடம் இருந்தது. துணைவியார் நீட்டினார். அந்த அம்மா இரண்டு எடுத்துக் கடித்தார். தாகம் என்றார். எங்கள் பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தார். பிறகு பேச்சு வந்தது.

“எந்த ஊரு கண்ணு?”

“அதியமான்கோட்டைங்க ஆயா.”

“கோட்டையில எங்க?”

“ரோட்டுக்கு இந்தாண்டைங்க.”

“இந்தாண்டைன்னா... யாரூட்டுப் பக்கம்?”

என் துணைவியார் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. “காலனிங்க ஆயா” என்றார்.

“ஓ” என்றார் அந்த அம்மா. மகன் தண்ணீரைப் பார்த்தார். அவ்வளவுதான். யாரும் எழுந்து போகவில்லை, முகம் சுளிக்கவில்லை, ஒரு சொல் தப்பாக வரவில்லை. திரும்பும்போது பொட்டலத்தில் மிச்சம் இருந்ததைத் துணைவியார் மறுபடியும் நீட்டினார். “வேணாங்கண்ணு, பல்லு கூசுது.” பரிசல்காரர் மறுபடியும் சுற்றினார். இந்த முறை அந்த அம்மா பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

உண்மையாகவே பல் கூசியிருக்கலாம். வயதானவர், புளிப்பான காய். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கிழவிக்குப் பல் கூசியதா, சாதி கூசியதா என்று இரண்டு நாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேலையை எங்களுக்கு யார் கொடுத்தது? மற்றவர்களுக்கு ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். நமக்கு மட்டும் ஒவ்வொரு ‘வேண்டாம்’ என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் பல் கூசியதைப் புகாராக எழுதிக் கொடுக்க முடியாது.

இந்தக் கட்டுரை அந்த அம்மாவைப் பற்றியது அல்ல. அவர் மகன் சொன்ன அந்தப் பழமொழியைப் பற்றியது. ஆபத்துக்குப் பாவமில்லை. யாருடைய ஆபத்துக்கு? யாருக்குப் பாவமில்லை?

2

என் தாத்தா தோல் தைத்தவர். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு கலந்த பேச்சு. அதை வைத்தே நாங்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். மின்சார மோட்டார் வராத காலத்தில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றுக்குள்ளிருந்து சால் மேலே வரும். அந்தச் சாலின் அடியில் தோலால் தைத்த வால் இருக்கும். அந்த வால் வழியாகத்தான் தண்ணீர் தொட்டியில் கொட்டி வாய்க்காலுக்குப் போகும். வால் கிழிந்தால் அன்றைக்குப் பாசனம் நின்றது. ராத்திரி எத்தனை மணியானாலும் ஆள் வந்துவிடும் தாத்தாவைத் தேடி. ‘டேய்’ என்ற ஒரு சொல்தான் அழைப்பு.

செத்த மாட்டை இழுத்து வருவது, உரிப்பது, சுண்ணாம்பில் ஊறப்போடுவது, ஆவாரம்பட்டையில் பதப்படுத்துவது, தைப்பது, எல்லாம் எங்கள் ஆட்கள். தைத்த வால் கிணற்றுக்குள் இறங்கும். நாளெல்லாம் தண்ணீரில் முங்கி முங்கி எழும். அந்தத் தண்ணீரில் நெல் விளையும். அதே தண்ணீரில்தான் பண்ணைக்காரர் வாய் கொப்பளிப்பார், குளிப்பார், சாமிக்குக் குடம் எடுப்பார். ஆனால் வாலைத் தைத்த கை கிணற்றுக்குள் குடம் விடக் கூடாது. தாத்தா தொட்டிக்குக் கீழே வாய்க்கால் பக்கமாகக் குந்தி, யாராவது ஊற்றினால் கையை ஏந்திக் குடிப்பார்.

சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். “ஏன் தாத்தா, தோலு உள்ள போவுது, நீ போவக் கூடாதா?” தாத்தா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “தோலு அவனுக்கு வேணும்டா. நான் வேணாம்.”

பரிசலுக்கும் தோல்தான். இன்று ஒகேனக்கல்லில் மூங்கில் பின்னலுக்குமேல் பிளாஸ்டிக் தாள் போட்டுத் தார் பூசுகிறார்கள். முன்பு மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள். சுமார் ஏழடி அகலம், ஒரே துடுப்பு, ஒரு நாளில் கட்டி முடிக்கிற வேலை. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஆனெகுந்திக்குத் துங்கபத்திரையைக் கடக்க உருண்டைக் கூடை போன்ற ஓடங்கள் இருந்தன, உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், தேவைப்பட்டால் குதிரையும் மாடும்கூட ஏறும், நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும், இந்த நாட்டு ஆறுகளில் வேறு ஓடமே இல்லை என்கிறார்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டு முன்னால் வாழ்ந்த கிரேக்கர் ஹெரோடோட்டஸ் பாபிலோனில் இதே மாதிரி ஓடத்தைப் பார்த்து வியந்திருக்கிறார். ஒவ்வொரு ஓடத்திலும் ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு இறங்கி வருவார்களாம். சரக்கை விற்ற பிறகு ஓடத்தின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் போட்டு ஆர்மீனியாவுக்கு நடந்தே திரும்புவார்களாம். மரச் சட்டத்தை விற்கலாம், தோலை விற்க மாட்டார்கள். தோலின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பயஸ் தோலைப் பார்த்தார். உரித்தவன் யார், பதப்படுத்தியவன் யார், தைத்தவன் யார், அவன் அந்த ஓடத்தில் ஏறினானா என்று அவர் எழுதவில்லை. நாம்தான் கேட்க வேண்டும். அந்தக் காலத்து வேதியரும் வணிகரும் தளபதியும் செத்த மாட்டின் தோலுக்குமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் துங்கபத்திரையையும் காவிரியையும் தாண்டியிருக்க வேண்டும். வேறு ஓடம் இல்லையே. அக்கரை சேர்ந்ததும் குளித்திருப்பார்களோ என்னவோ. நடு ஆற்றில் யாரும் குதிக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

3

தோலுக்கு ஒரு காலத்தில் ராஜ மரியாதையே இருந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கதையை வைத்தே சொல்கிறேன்.

அதியமான்கோட்டை என்ற பெயரைச் சொன்னதும் தமிழ் படித்தவர்களுக்கு நெல்லிக்கனி நினைவுக்கு வரும். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி சாவைத் தள்ளிவைக்கும் கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். ஊரில் அவனுக்கு அரசு கோட்டம் கட்டியிருக்கிறது. 1981இல் சம்பையில் கண்டுபிடித்த தமிழி கல்வெட்டு அவன் பெயரைச் சொல்கிறது. அந்தத் தகடூர்மேல் படையெடுத்து வென்றவன் ஒரு சேரன். ‘தகடூர் எறிந்த’ என்பதே அவன் பட்டம், பெருஞ்சேரல் இரும்பொறை. அவனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கதை சொல்லித் தருவார்கள். மோசிகீரனார் என்ற புலவர் களைத்து வந்து, வெறுமனே கிடந்த கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார். அது முரசு வைக்கிற கட்டில். அதில் ஏறினால் தலை போகும். சேரனோ வாளை எடுக்காமல் விசிறியை எடுத்து வீசினான். புறநானூற்றின் 50ஆம் பாட்டு அது. அரசனின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் பாடம் நடத்துவார்கள்.

ஒரு சின்ன விவரத்தை ஆசிரியர்கள் வேகமாகத் தாண்டிப்போவார்கள். கட்டில் ஏன் வெறுமனே கிடந்தது? முரசை நீராட்டுவதற்கு எடுத்துப் போயிருந்தார்கள். முரசு என்றால் என்ன? மாட்டுத்தோல் போர்த்தியது. அந்தத் தோலுக்கு நீராட்டு உண்டு, மென்மையான படுக்கை உண்டு, அதன் இடத்தில் தெரியாமல் படுத்தவனுக்குச் சாவு உண்டு. அதே தொகுப்பில் 82ஆம் பாட்டு, சோழன் பெருநற்கிள்ளியின் போர் வேகத்துக்கு ஓர் உவமை சொல்கிறது. மழை நாளில், ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையில் ஊசி ஓடுகிற வேகம். எவ்வளவு நெருங்கிப் பார்த்த பார்வை! ஆனால் அந்தத் தொழிலாளியை அந்தப் பாட்டு அழைக்கிற சொல் இழிவான சொல். அன்றைக்குத் தீண்டாமை இன்றைய வடிவில் இருந்ததா என்பது வேறு விவாதம். தோலுக்குக் கட்டில் கொடுத்த பண்பாடு, கட்டிலுக்குத் தோல் கொடுத்தவனுக்கு என்ன பெயர் கொடுத்தது என்பது மட்டும் பாட்டிலேயே இருக்கிறது.

இது ஏதோ அறியாமையில் நடந்த குளறுபடி அல்ல. சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். மனுதர்மத்தின் ஐந்தாம் அத்தியாயம் கைவினைஞனின் கை எப்போதும் சுத்தமானது என்கிறது. எப்போதும்! ஏனென்றால் பானையும் துணியும் செருப்பும் வேண்டும். வாங்கும்போதெல்லாம் தீட்டுக் கழித்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. நான்காம் அத்தியாயம் தோல் வேலை செய்கிறவனின் சோற்றைத் தின்றால் புகழ் அழியும் என்கிறது. அவன் செய்த பொருளை வாங்கலாம், அவனோடு உட்கார்ந்து தின்னக் கூடாது. பத்தாம் அத்தியாயத்தில் இன்னும் வேடிக்கை. பசியில் செத்துக்கொண்டிருந்த விசுவாமித்திரர் சண்டாளன் கையிலிருந்து நாயின் தொடைக்கறியை வாங்கித் தின்னத் துணிந்தாராம், பாவம் ஒட்டவில்லையாம். ஆபத்துக்குப் பாவமில்லை என்பதன் மூலக்கதை இதுதான்.

சரி, பசித்த முனிவருக்குப் பாவமில்லை. முனிவரின் பசியைத் தீர்த்த சண்டாளனுக்கு அதன் பிறகு என்ன ஆயிற்று? அவனுக்குப் பசித்தபோது முனிவர் வீட்டுப் பானையைத் தொட்டானா? தொட்டிருந்தால் அந்த ஆபத்துக்குப் பாவமில்லை என்று விட்டிருப்பார்களா? ஆபத்து என்ற சலுகை மேலேயிருந்து கீழே கை நீட்டுகிறவனுக்கு மட்டும். கீழேயிருந்து மேலே கை நீட்டுகிறவனுக்கு ஆபத்தே கிடையாது, குற்றம்தான் உண்டு.

இங்கேதான் நான் சொல்ல வந்த அறவியல் கேள்வி இருக்கிறது. தீட்டு என்பது உண்மையாகவே அவர்களின் நம்பிக்கை என்றால், நெருப்பு சுடும் என்பது போன்ற நம்பிக்கை என்றால், ஆபத்துக்காக அது விட்டுக்கொடுக்காது. அவசரத்தில் தொட்டாலும் நெருப்பு சுடும். தேவைப்படும்போது கழற்றி வைத்து, தேவை தீர்ந்ததும் எடுத்து மாட்டிக்கொள்ள முடிகிற ஒன்று நம்பிக்கை அல்ல, ஏற்பாடு. சாதி இந்துக்களுக்கு நாம் மனிதர்கள் என்பது தெரியாமல் இல்லை. நடு ஆற்றில் எப்போதும் தெரிந்திருந்தது. கரையில்தான் மறந்தார்கள். ஆகவே ‘பாவம், அறியாமை, படித்தால் சரியாகும்’ என்று அவர்களுக்காக வக்காலத்து வாங்குகிறவர்களை நான் ஏற்பதில்லை. தெரியாமல் செய்கிறவனுக்குச் சொல்லித் தரலாம். தெரிந்து செய்கிறவனிடம் கணக்குத்தான் கேட்க வேண்டும்.

4

“இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாரும் ஒரே பேருந்தில்தானே போகிறோம்” என்று ஒரு தோழர் சொன்னார். இது புதிய வாதம் அல்ல. 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதிய மார்க்சும், ரயில்வேயோடு வரும் நவீனத் தொழில், சாதியைத் தாங்கி நிற்கும் பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று நம்பினார். ரயில் வந்தது. பேருந்து வந்தது. மோட்டார் வந்து கவலை போனது. பிளாஸ்டிக் வந்து பரிசலிலிருந்து தோல் போனது. எங்கள் குடும்பத்தில் இப்போது தோல் தைக்கத் தெரிந்த ஒருவரும் இல்லை. செத்த மாட்டின் நாற்றத்தினால்தான் ஒதுக்கினோம் என்று சொன்னவர்கள், நாற்றம் போன பிறகாவது கூப்பிட்டிருக்க வேண்டும். தோல் போனது, தோல்காரன் என்ற பெயர் மட்டும் எங்கள் தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மார்க்ஸ் பார்க்காதது இதுதான். சாதி எல்லாத் தொடுதலையும் தடுப்பதில்லை. தடுத்தால் அதற்கே சோறு கிடைக்காது. களத்தில் தொடலாம், கட்டுமான வேலையில் சித்தாளின் கையிலிருந்து செங்கல் வாங்கலாம், ஆஸ்பத்திரியில் ரத்தம் வாங்கலாம், பேருந்தில் இடிக்கலாம், பரிசலில் கையைப் பிடிக்கலாம். இவை தேவையின் தொடுதல்கள். இவற்றுக்குச் சாதி எப்போதும் வழி வைத்திருக்கிறது. அது சகித்துக்கொள்ளாதது தேவையில்லாத தொடுதலை. எந்த அவசியமும் இல்லாமல், நீ மனிதன், நான் மனிதன் என்பதற்காக மட்டும் ஒருவர் நீட்ட இன்னொருவர் வாங்குவதை. நட்பு அப்படிப்பட்டது. விருந்து அப்படிப்பட்டது. காதல் அப்படிப்பட்டது.

எங்கள் மாவட்டம் இதற்கு ரத்த சாட்சி. 2012 நவம்பர் 7. தர்மபுரிக்கு அருகே நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகள். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தியும் சூறையாடியும் போனார்கள். எரித்தவர்களும் எரிக்கப்பட்டவர்களும் அதுவரை ஒரே பேருந்தில் தர்மபுரி போனவர்கள்தான். ஒரே கடையில் டீ குடித்தவர்களும் இருந்திருப்பார்கள். அங்கே வேலை செய்ததற்காக யாரும் யார் வீட்டையும் எரிக்கவில்லை. ஒரு பெண்ணும் ஒரு பையனும் தாங்களாக விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக எரித்தார்கள். அந்தப் பையன் 2013 ஜூலை 4 அன்று ரயில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். ரயில் சாதியைக் கரைக்கும் என்று எதிர்பார்த்த 160 ஆண்டுகளுக்குப் பிறகு.

தேவையில்லாத தொடுதலின் அரசியலை நமக்கு முதலில் தெளிவாகச் சொன்னவர் பாபாசாகேப் அம்பேத்கர். மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் மற்ற மதத்தார் குடிக்கலாம், ஆடுமாடு குடிக்கலாம், தீண்டப்படாதவர்கள் குடிக்க முடியாது. 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்கள் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு மகாத் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகச் சொன்னது. அதே 1924இல் இங்கே சென்னை சட்டமன்றத்திலும் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாவற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று சொன்னது. தாளில் எல்லாம் இருந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்க் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்காக அடி விழுந்தது. குளத்தில் சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் பானை பானையாக ஊற்றிப் புனிதப்படுத்தினார்கள். வழக்கு பத்தாண்டு இழுத்து 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது.

1927 டிசம்பரில் இரண்டாவது மாநாட்டில் அவர் பேசியதன் சாரம் இது: இந்தத் தண்ணீரைக் குடிக்காமல் நாம் செத்துப்போய்விடவில்லை, குடித்தால் சாகா வரம் வரப்போவதும் இல்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே குளத்துக்குப் போகிறோம். கவனியுங்கள். தாகத்துக்குப் போகவில்லை. தாகம் என்று சொல்லியிருந்தால் யாராவது இரக்கப்பட்டு ஒரு குடம் ஊற்றியிருப்பார்கள், என் தாத்தாவின் கையில் ஊற்றியது போல. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அவர்களின் சாத்திரத்திலேயே இடமும் இருந்திருக்கும். அவர் அந்த இடத்தைக் கேட்கவில்லை. தேவை என்ற வாசல் வழியாக உள்ளே போக மறுத்தார்.

5

இப்போது மணல்திட்டுக்குத் திரும்புகிறேன்.

அங்கே ஒன்றும் இல்லை. கோயில் இல்லை, கடை இல்லை, பார்க்க ஓர் அதிசயமும் இல்லை. மணல், பாறை, சுற்றிலும் தண்ணீர். பிழைப்புக்கு அங்கே போக வேண்டிய அவசியம் எங்களுக்கு எந்தப் பிறவியிலும் கிடையாது. அதனால்தான் அது பெரிய விஷயமாகப் படுகிறது. என் தாத்தா வாழ்நாள் முழுக்கத் தண்ணீரோடு வேலை செய்தவர். ஒரு தடவைகூடத் தண்ணீரைச் சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை. உட்கார்ந்திருந்தால் ‘என்னடா வேலை வெட்டி இல்லையா’ என்று ஒரு குரல் வந்திருக்கும். சும்மா இருக்கும் உரிமை நம்மிடமிருந்து முதலில் பறித்த உரிமை. நமக்கு உழைப்பாளி என்று பட்டம் கொடுத்துப் பாராட்டுகிற முற்போக்காளர்கள்கூட இதை யோசிப்பதில்லை.

நமக்குள்ளும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து என் துணைவியார் சொன்னார்: “கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல இன்னிக்குத்தான் யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல.” எனக்குச் சுரீர் என்றது. விடுதலை, உரிமை என்று மேடை மேடையாகப் பேசியவன் நான். கூட்டம் முடிந்து நடுராத்திரியில் தோழர்களைக் கூட்டி வந்து சோறு போடச் சொன்னவனும் நான்தான். என் வீட்டுக்குள் அவரைத் தேவைக்கு மட்டும் தொட்ட கை என்னுடையதும்தான். அதேபோல, எங்களைத் தனக்குக் கீழே வைத்து, கூட்டத்துக்கும் ஓட்டுக்கும் மட்டும் சேர்த்துக்கொண்டு, பெண் கொடுக்கும் பேச்சு வந்தால் நழுவுகிற தலித் தோழர்களும் இருக்கிறார்கள். ஊர்வலமும் ஒரு பரிசல்தான். இறங்கிய பிறகு யார் யார் வீட்டில் சாப்பிடுகிறோம் என்பதில்தான் நம் ஒற்றுமையின் கனம் தெரியும்.

இனி ‘இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறாங்க’ என்று சொல்கிறவர்களிடம் நான் வாதம் செய்யப்போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்பேன். எந்த அவசரமும் இல்லாமல், எந்த வேலையும் இல்லாமல், தேர்தலும் இல்லாமல், கடைசியாக எப்போது ஒரு தலித் வீட்டுக்குப் போனீர்கள்? சும்மா போய், கொடுத்ததைத் தின்றுவிட்டு, சும்மா பேசிவிட்டு வந்தது எப்போது? அவர்களை உங்கள் வீட்டுக்கு அப்படி வரச் சொன்னது எப்போது? பதில் இருந்தால் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்கிறேன். பதில் இல்லையென்றால் பரிசல் கதையைச் சொல்லாதீர்கள்.

அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனியைப் பற்றியும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவன் கொடுத்தது தேவையைப் பார்த்து அல்ல. அவள் கேட்கவும் இல்லை. வாழட்டும் என்று கொடுத்தான். அதனால்தான் இரண்டாயிரம் வருஷமாகப் பேசுகிறோம். அவன் முரசுக்குத் தோல் தைத்தவனும் அந்த ஊரில்தான் எங்கோ இருந்திருப்பான். அவனுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று பாட்டில் இல்லை.

அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. போகும்போது இரண்டு நெல்லிக்காய் எடுத்தார், வரும்போது எடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ‘காலனிங்க’ என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. கரை ஏறியதும் ஜாக்கெட்டைக் கழற்றிக் குவியலில் போட்டோம். அடுத்த நடைக்கு நின்றவர்கள் அவற்றை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

பேருந்தில் வரும்போது துணைவியாரிடம் கேட்டேன், “ஏன், ‘ரோட்டுக்கு இந்தாண்ட’ன்னதோட வுட்டிருக்கலாமே? அந்தாயா இன்னொரு நெல்லிக்காயாச்சும் தின்னிருக்குமே?”

“அப்ப அது என் கையில இருந்தா தின்னிருக்கும்?” என்றார். “அடுத்த மாசம் பேரப்புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வரலாம். யாரு கேட்டாலும் அதுங்களும் காலனின்னே சொல்லட்டும்.”